முதலில் சந்தை, பிறகு சமையல்

(மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல் மாணவன்)

"இன்றைக்கு என்ன குழம்பு?" என்னும் கேள்வி நம் வீடுகளில் நாள்தோறும் எழுகின்றது. இதற்கு விடை காணும் வழிகள் இரண்டு. சாம்பார் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அதற்கு வேண்டிய தக்காளியையும் கேரட்டையும் பீன்சையும் என்ன விலை விற்றாலும் வாங்கி வருவது ஒரு வழி. சந்தைக்குப் போய், அன்று மலிவாகவும் புதியதாகவும் குவிந்து கிடப்பது எது என்று பார்த்து, கூடையில் போட்டுக்கொண்டு, அதை வைத்து என்ன சமைக்கலாம் என்று வீடு திரும்பும் வழியில் யோசிப்பது மற்றொரு வழி. என் பாட்டி இரண்டாம் வழியில் சென்றவர். நானோ நகரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கத் தொடங்கியதும் முதல் வழிக்கு மாறிவிட்டேன். பாட்டியின் வழியில் வீட்டுச் சிக்கனத்தோடு உழவனின் வாழ்வும் அடங்கியிருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவை மூன்று சாக்குக் கத்தரிக்காய்கள். அதையும், அதைத் தொடர்ந்து நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் இங்கே கூற விழைகிறேன்.

மூன்று சாக்குக் கத்தரிக்காய்

எங்கள் ஊர் பாகூரை அடுத்த ஒரு சிற்றூர். பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. தென்பெண்ணையாற்றின் நீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த ஏரிப் பாசனத்தில் நெல் விளையும். நெல் போக மீதி நிலத்தில், அரைக் காணி அளவுக்கு, அப்பா கத்தரி வைப்பார்.

ஓர் ஆண்டு மாசி மாதம். மழையும் பனியும் ஓய்ந்த இளவெயிலில் எங்கள் கொல்லை மட்டுமன்றிச் சுற்றுவட்டாரத்துக் கொல்லைகள் எல்லாமே ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளின. அப்பா மூன்று சாக்குக் காய்களை ஒரு கமிஷன் மண்டிக்கு வண்டியேற்றினார். சாக்குக்கு நாற்பது கிலோ. ஏலத்தில் கிலோ ஐந்து ரூபாய்க்குப் போயிற்று. ஆக, 600 ரூபாய். வண்டி வாடகை 200, ஏற்றி இறக்கும் கூலி 60, நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் கமிஷன் 60 போக, கையில் நின்றது 280 ரூபாய். காய் பறித்த இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுக்க அது போதவில்லை. விதைக்கும் உரத்துக்கும் அப்பாவின் உழைப்புக்கும் கணக்குப் பார்க்கவே இடமில்லை.

அதே நாள் மாலை, நகரத்தில் நான் தங்கியிருந்த அறைக்குப் பக்கத்துக் கடையில் கத்தரிக்காய் கிலோ 25 ரூபாய் என்றார்கள். வாங்குபவர் கொடுத்த ஐந்து பங்கில் ஒரு பங்குதான் விளைவித்தவரை நோக்கிப் புறப்பட்டிருக்கிறது. அதிலும் பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. பாடநூலில் 'விலைப் பரவல்' என்று நான் மனப்பாடம் செய்த சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கிற்று.

இதற்காக இடையில் உள்ளவர்கள் எல்லோரையும் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது முறையன்று. மொத்த வியாபாரி சரக்கை வாங்கிப் பிரித்து அனுப்புகிறார். சில்லறைக் கடைக்காரர் வாடகை கொடுக்கிறார், வட்டி கட்டுகிறார், மாலைக்குள் வாடிப்போகும் காயின் நட்டத்தையும் ஏற்கிறார். குறை எங்கேயென்றால், ஏலம் நடக்கும் இடத்தில் விலை சொல்லும் உரிமை உழவனுக்கு இல்லை. அவன் கொண்டுவந்தது அழுகும் பொருள். திருப்பி எடுத்துப்போக வண்டிக் காசும் இல்லை. எனவே சொன்ன விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு போக்கில்லை.

நிலம் வகுத்த உணவு

எந்த ஊரில் எது விளைகிறதோ அதை உண்பது நம்மவர்க்குப் புதிய கொள்கையன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அந்நாடு நமக்கு வடக்கே இன்றைய திண்டிவனத்தைச் சுற்றி அமைந்திருந்தது என்பர். பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் எந்தெந்த ஊரில் என்னென்ன உணவு பெறுவான் என்று புலவர் வரிசைப்படுத்துகிறார். கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீன். காட்டை ஒட்டிய ஊரில் புளிச்சோறும் வேட்டை இறைச்சியும். வயல் சூழ்ந்த ஊரில் வெண்சோறும் நண்டும். நிலம் மாறும்தோறும் இலையில் விழுவதும் மாறுகிறது. விருந்தாளிக்கு இட்ட உணவைக் கொண்டே அவன் எந்நிலத்தில் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம்.

இதனால் வெளியூர்ப் பொருளே கூடாது என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டா. நம் நகரின் தெற்கேயுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானியர் மது கொண்டுவந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இன்று நாம் நம்முடையவை என எண்ணும் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவையே. வணிகம் தொன்மையானது. ஆனால் அன்றாடச் சோற்றுக்குப் பக்கத்து வயலும், அருமைப் பொருளுக்குத் தொலைதூரக் கப்பலும் என்றிருந்த முறை இப்போது தலைகீழாகிவிட்டது என்பதே என் கவலை.

நம் நகரத்துச் சந்தைகள்

புதுவையில் காய்கறி என்றதும் நினைவுக்கு வருவது நேரு வீதியிலுள்ள பெரிய மார்க்கெட். புதுவையின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்று பலகை சொன்னாலும், மக்கள் வாயில் அது பெரிய மார்க்கெட்டுதான். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நேரு வீதிக்கு டூப்ளே வீதி என்று பெயர். அதே டூப்ளேயிடம் துபாஷியாக இருந்து, 1736 முதல் கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் தாங்கிய வீதி மார்க்கெட்டின் மறுபுறம் ஓடுகிறது. இதைத் தவிரச் சின்ன மணிக்கூண்டு, நெல்லித்தோப்பு, முத்தியால்பேட்டை ஆகிய இடங்களிலும் சந்தைகள் உண்டு. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள், பேருந்துகள் ஓடாமல் வெறிச்சோடிக் கிடந்த புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டதை நம்மில் பலர் கண்டிருப்போம். ஊரே அடங்கிக் கிடந்த நாளிலும் சந்தையை மட்டும் மூட முடியவில்லை என்பதை அந்நாட்கள் காட்டின.

பெரிய மார்க்கெட்டின் உள்ளே நிறைந்திருப்பவற்றில் பெரும்பகுதி ஓசூர், ஒட்டன்சத்திரம், ஊட்டி முதலிய ஊர்களிலிருந்து லாரியில் வருவன. பக்கத்து ஊர்க் காயைக் காண வேண்டுமானால் விடியற்காலையில் மார்க்கெட்டின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். தரையில் சாக்கு விரித்து, தராசு கூட இல்லாமல், கீரையைக் கட்டாகவும் காயைக் கூறாகவும் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் தம் கொல்லையில் விளைந்ததையே கொண்டுவந்திருப்பார்கள். அடுத்த பறிப்பின்போது என் அம்மாவும் இரண்டு கூடைக் கத்தரிக்காயோடு முதல் பேருந்தில் வந்து அவர்கள் நடுவே அமர்ந்தார். கிலோ 15 ரூபாய் என்று அம்மாவே விலை சொன்னார். வாங்கியவர்களுக்குக் கடை விலையில் பத்து ரூபாய் மிச்சம். எங்களுக்கு மண்டி விலையைப் போல் மும்மடங்கு. பத்து மணிக்குள் ஒன்றரைக் கூடை தீர்ந்தது.

உழவர் சந்தை இயங்கும் முறை

அம்மா தனியாகச் செய்ததை அரசின் துணையோடு ஒழுங்காகச் செய்யும் ஏற்பாடே உழவர் சந்தை. பஞ்சாபில் 1987-இல் 'அப்னி மண்டி' என்ற பெயரில் இத்தகைய சந்தை தொடங்கியது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி திறந்து வைத்தார். தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட சந்தைகள் எழுந்தன. 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன. நம்மைச் சுற்றியுள்ள கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களிலும் உழவர் சந்தைகள் உள்ளன.

இச்சந்தையின் அடிப்படை மூன்று. முதலாவது, அடையாள அட்டை. விற்க வருபவர் உண்மையிலேயே பயிரிடுபவர்தானா என்று நிலத்தைப் பார்த்து அறிந்தபின் நிழற்படத்தோடு அட்டை தருவார்கள். இதனால் வியாபாரி உழவர் வேடத்தில் நுழைவது தடுக்கப்படுகிறது. இரண்டாவது, செலவின்மை. கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தையிலேயே கொடுக்கப்படும். மூன்றாவது, விலைப் பலகை. அன்றன்று காலையில் மொத்த விலையையும் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் விலை குறிப்பார்கள். எடுத்துக்காட்டாக, வெண்டைக்காய் மொத்த விலை 20 ரூபாயும் சில்லறை விலை 30 ரூபாயும் ஆனால், சந்தை விலை 24 அல்லது 25 ரூபாய் ஆகும். விற்பவருக்கும் ஆதாயம், வாங்குபவருக்கும் ஆதாயம்.

பருவம் என்னும் விலைப் பட்டியல்

ஆனால் சந்தை மட்டும் போதாது. மாசியில் கத்தரிக்காய் குவியும்போது நாம் உருளைக்கிழங்கைத் தேடிப்போனால் உழவர் சந்தை வைத்தும் பயன் இல்லை. உழவன் பருவத்துக்குக் கட்டுப்பட்டவன். உண்பவனும் ஓரளவு கட்டுப்பட்டால்தான் இருவர் கணக்கும் நேராகும். சந்தையில் எது மலிவு என்று பார்ப்பதும் எது பருவம் என்று பார்ப்பதும் பெரும்பாலும் ஒன்றே.

நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. அம்மழையை ஒட்டியே நம் காய்கறி ஆண்டு சுழல்கிறது. மழை ஓய்ந்த தை முதல் பங்குனி வரை அவரை, மொச்சை, கத்தரி, முள்ளங்கி, பரங்கி, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு என எல்லாம் வரிசையாக வரும். பொங்கலன்று பல காய்களைச் சேர்த்துக் குழம்பு வைப்பது சடங்கு மட்டுமன்று. அன்று கொல்லையில் இருப்பதன் கணக்கெடுப்பும் அதுவே. சித்திரை முதல் ஆனி வரை மாங்காய், முருங்கைக்காய், வெள்ளரி, நுங்கு, பண்ருட்டிப் பலா. பலாச்சுளை தீர்ந்த பின்னும் கொட்டை குழம்புக்கு ஆகும். ஆடியில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும். ஆடிப்பட்டத்தில் விதைத்த புடலையும் பாகலும் பீர்க்கும் புரட்டாசியில் கைக்கு வரும். மழை மாதங்களில் வயல் நீரில் நிற்க, காய் விலை ஏறும். அப்போது கைகொடுப்பவை கீரைகளும் வற்றலும். மார்கழி முடிவில் சேனையும் கருணையும் மண்ணிலிருந்து வெளிவரும்.

கடலுக்கும் பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன் பெருகுவதற்கான ஓய்வு அது. மீன் அருகும் அந்த நாட்களில்தான் மாங்காய் பெருகுகிறது. மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு யார் கண்டுபிடித்தது என்று கேட்டால், நம் பாட்டிமாரும் பருவமும் சேர்ந்து என்றுதான் சொல்ல வேண்டும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. செய்தித்தாள்கள் அலறின. அதே ஆண்டு செப்டம்பரில் விலை வீழ்ந்து, விளைவித்தவர்கள் தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு துன்பங்கள். ரசத்துக்குப் புளி போதும் என்ற நினைவு ஜூலையில் நமக்கு இருந்திருந்தால் நம் வீட்டு வரவுசெலவு பிழைத்திருக்கும். மலிந்தபோது நிறைய வாங்கித் தொக்குக் கிளறி வைக்கும் பழக்கம் செப்டம்பரில் இருந்திருந்தால் ஓரளவேனும் உழவனுக்குத் துணையாகியிருக்கும்.

சத்து நோக்கிலும் இது நன்றே. பறித்த பின்னும் காய்களும் கீரைகளும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன. நேரம் ஆக ஆக அவற்றின் நீரும், குறிப்பாகக் கீரையிலுள்ள வைட்டமின் சி சத்தும் குறைகின்றன. காலையில் பறித்து மதியம் கடைந்த முளைக்கீரைக்கு, இரண்டு நாள் லாரியில் வந்த கீரை நிகராகாது.

வெயிலைச் சேமித்தல்

பருவச் சமையல் என்றால் கிடைக்கும்போது தின்பது மட்டும் அன்று. கிடைக்காதபோதைக்கு வைப்பதும் ஆகும். இதற்குப் புதுவை தந்த சிறந்த சான்று வெங்காய வடகம். சின்ன வெங்காயம் மலிந்து, வெயிலும் ஏறியிருக்கும் நாட்களில் நம் வீடுகளில் இதைப் போடுவார்கள். வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, ஊறவைத்த உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து ஓரிரவு மூடி வைப்பார்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து, மாலையில் உதிர்த்துப் பானையில் சேர்த்து, மறுநாள் மீண்டும் உருட்டுவார்கள். சில நாள் இவ்வாறு செய்தபின், விளக்கெண்ணெய் தடவி, உட்புறமும் நன்றாகக் காயும் வரை விடுவார்கள். நீர் வற்றிய பொருளில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகா; அதனால் ஆண்டு முழுதும் இருக்கும். மீன்குழம்பிலும் கீரைக் கடைசலிலும் இதில் ஓர் உருண்டையைத் தாளித்தால் தெருவே மணக்கும். இந்த வடகமே பிரெஞ்சுக்காரர் நாவில் 'வடுவான்' ஆகி, இன்று பாரிசு நகர மளிகைக் கடைகளிலும் மசாலாவாக விற்கப்படுகிறது. மலிந்த வெங்காயத்தை வீணாக்காமல் காக்க எண்ணிய பெண்களின் சிக்கனம், கடல் கடந்து சுவையாகிவிட்டது.

இதில் உள்ள இடர்கள்

இம்முறையில் குறையே இல்லை என்று நான் கூறமாட்டேன். அம்மா சந்தையில் அமர்ந்த அன்று கொல்லையில் களை எடுக்க ஆள் இல்லை. அரை நாள் உழைப்பும் பேருந்துக் கட்டணமும் செலவுக் கணக்கில் வரவேண்டும். பிறகு எங்கள் தெருவில் மூன்று குடும்பத்தார் முறை வைத்துக்கொண்டனர். ஒருநாள் ஒருவர் மூவர் காயையும் எடுத்து வருவார். இன்னொரு குறை, சந்தைக்குப் போவதும் வடகம் போடுவதும் பெண்கள் தலையில் மட்டும் விழுவது. வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பார்த்துப் 'பாட்டி காலத்துச் சமையலுக்குத் திரும்பு' என்று ஆண்கள் மேடையில் பேசுவது எளிது. பையைத் தூக்கிக்கொண்டு காலை ஆறு மணிக்குச் சந்தைக்குப் போக நாம் ஆயத்தமா என்பதே கேள்வி. நான் இப்போது வாரம் ஒருமுறை போகிறேன். அறை நண்பர்கள் மூவரும் அன்று என்ன வந்தாலும் உண்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாகற்காய் வந்த வாரம் மட்டும் சிறு கலகம் நடந்தது.

எல்லாவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. விளைவித்தவனுக்குக் கட்டுபடியாகாத நிலம் நெடுநாள் நிலமாக இருப்பதில்லை. நகரத்திலிருந்து பாகூருக்குப் பேருந்தில் போகும்போது வழியெல்லாம் பாருங்கள்; நெற்கதிர் நின்ற இடத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. பக்கத்து வயல் இருந்தால்தானே பக்கத்து ஊர்க் காய் கிடைக்கும்?

முடிவுரை

தோழர்களே, நான் வேண்டுவது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அடுத்த முறை காய் வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்த ஊர்க் காய்? இன்று எது மலிவு? இதை எப்படிச் சமைப்பது? முதல் இரண்டுக்கும் விடையும், மூன்றாவதற்கு ஒரு சமையற்குறிப்பும், கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையும் கட்டாயம் கிடைக்கும். நம் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையிலும் வாரத்தில் ஒருநாளேனும் அன்று சந்தையில் மலிந்த காயைக் கொண்டு கூட்டு வைக்கலாம் என்பது என் சிறு விண்ணப்பம்.

அன்று விற்காமல் மிஞ்சிய அரைக் கூடைக் கத்தரிக்காயை அம்மா வீட்டுக்கே தூக்கி வந்தார். நறுக்கி, உப்பு நீரில் பிசறி, பாயில் பரப்பினார். "இவ்வளவையும் காயப்போட்டு என்னம்மா ஆகப்போவுது?" என்று கேட்டேன். "வெல நம்ம கையில இல்லடா தம்பி. வெயிலாவது இருக்குதே" என்றார். அந்த ஆண்டு கார்த்திகை அடைமழையில் கத்தரிக்காய் கிலோ 60 ரூபாயைத் தொட்டது. நான் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா பரணிலிருந்த ஜாடியை இறக்கினார். அன்று எங்கள் வீட்டில் கத்தரி வற்றல் குழம்பு.